‘நாம ரெடி’ என்று சொல்லிவிட்டுப் போன அண்ணிக்கு

அன்புள்ள சாவித்திரி அண்ணி,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் உங்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசுகிறார்கள். "என்ன தைரியம் அந்தம்மாவுக்கு" என்கிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது தலையாட்ட வரவில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன் அண்ணி. அதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். படிப்பவர்களில் நம்மைப் போல ஒரு ஷெட்டும் நாலு மிஷினும் வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால் அவர்களுக்கும் காதில் விழட்டும்.

அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் கேஸ்கெட் செய்கிறோம். பைக் இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் உட்காரும் வளையம் அது. புகை கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. என் அண்ணி ஆரம்பித்த தொழில். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கணவர் இறந்த மறுவருடம், "அந்த வேலைய விட்டுட்டு என்கூட வந்துடு பானு" என்று கூப்பிட்டார். பதினாறு வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தோம். இப்போது மின்சார வண்டிகள் வந்துவிட்டன. அவற்றில் புகை இல்லை, சைலன்சர் இல்லை. எங்கள் வளையம் உட்கார இடமும் இல்லை.

இது உங்களுக்குத் தெரியாததா அண்ணி? எனக்கு முன்னால் உங்களுக்குத்தானே தெரியும். மூன்று வருடம் முன்பு, நம்மிடம் வாங்கும் பெரிய கம்பெனி, சப்ளையர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போட்டது. நீங்கள்தான் போய்விட்டு வந்தீர்கள். வரும்போதே கையில் ஒரு மைசூர்பாகு டப்பா. மிஷின்களை நிறுத்தச் சொல்லி, முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, "கரண்ட் வண்டி வருதாம். வரட்டும். நாம ரெடி" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு ரூமுக்குள் வந்து கேட்டேன்: "எதுக்கு அண்ணி ரெடி? நம்மகிட்ட என்ன இருக்கு?"

நீங்கள் ஃபேன் சுவிட்சைப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: "ரெடின்னு சொல்றவங்களுக்குத்தான் ஆர்டர் குடுப்பான் பானு. மீதிய அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் வந்துவிட்டது அண்ணி. பார்த்துக்கொள்ள நீங்கள்தான் இல்லை.

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் நம் சிறுதொழில் சங்கத்தில் ஒரு கூட்டம். நகரத்திலிருந்து ஒரு ஆலோசனைக் குழு வந்திருந்தது. தொழில்நுட்பமும் பொருளாதாரமும் இவ்வளவு வேகமாக மாறுகிறதே, முதலாளிகள் எந்த அளவுக்குத் தயாராக இருப்பதாக உணர்கிறார்கள் என்று கேட்டு எழுத வந்தவர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டம். 'தயாராக இல்லை' என்பது இந்த ஓரம், 'முழுமையாகத் தயார்' என்பது அந்த ஓரம்.

என் பக்கத்தில் ரங்கநாதன் சார். பின் தெருவில் சைலன்சர் குழாய் வளைக்கிறாரே, அவரேதான். உள்ளே வருவதற்கு முன் வாசலில் டீ குடிக்கும்போது என் காதருகில் வந்து, "பானும்மா, பாதி ஷெட்ட குடோனுக்கு விட்டுடலாம்னு ஆள் தேடிக்கிட்டிருக்கேன். வெளிய சொல்லிடாத" என்று சொல்லியிருந்தார். அதே மனுஷன்தான் உள்ளே வந்து எல்லாக் கேள்விக்கும் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டார்.

"என்ன சார் இது?" என்றேன்.

"மேல பேரும் கம்பெனி பேரும் எழுதச் சொல்லியிருக்காங்களே" என்றார்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? நாலாவது கட்டத்தில் போட்டேன். ஒன்று குறைத்துப் போட்டதில் ஏதோ நேர்மை இருப்பதாக எனக்கே ஒரு நினைப்பு. வெளியே வந்தபோது நாக்கு கசந்தது. டீ ஆறிப்போனதால் என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த பத்து நாளில் பெரிய கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நம் கேஸ்கெட் போகும் இரண்டு பெட்ரோல் வண்டிகளை அடுத்த வருடத்தோடு நிறுத்துகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு வாய்ப்பும் அதே மெயிலில் இருந்தது. மின்சார வண்டியின் பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் சுற்றிலும் ஒட்டும் சீல். நம் பிரஸ்ஸிலேயே வெட்டலாம். ஆனால் தூசி புகாத அறை வேண்டும். வெட்டும் ஒவ்வொன்றையும் கேமரா படம் பிடித்து, நல்லதா கெட்டதா என்று கம்ப்யூட்டரே சொல்ல வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வது செல்லாது.

நம்மிடம் கண்கள்தானே இருக்கின்றன? செக்கிங் மேஜையில் ஆறு பெண்கள், பன்னிரண்டு கண்கள். அதிலும் கஸ்தூரியின் கண்ணைத் தாண்டி ஒரு கெட்ட பீஸ் வெளியே போனதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்த ஆய்வின் முடிவை அறிவிக்க மறுபடியும் கூட்டம். திரையில் பச்சை நிறத்தில் உயரம் உயரமாகத் தூண்கள். "நம் பகுதித் தொழில்முனைவோரின் தன்னம்பிக்கை மிகச் சிறப்பாக இருக்கிறது" என்றார் குழுவின் தலைவர். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பிள்ளைகளையே தங்கள் விடைத்தாளைத் திருத்தச் சொன்னால் வகுப்பு முழுக்க முதல் வகுப்பில்தான் தேறும். அந்தப் பச்சைத் தூணுக்குள் ரங்கநாதன் சாரின் பாதி ஷெட் இருக்கிறது. என் நாலாவது கட்டம் இருக்கிறது. இன்னும் யார் யாருடைய பயமெல்லாம் இருக்கிறதோ.

அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பெண் தொழில்முனைவோர் ஒருவர் பேச வேண்டுமாம். "மாற்றத்துக்கு நாங்கள் எப்படித் தயாரானோம்" என்று ஐந்து நிமிடம். நீங்கள் இருந்திருந்தால் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் அந்த மேடையை அள்ளிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

மைக்கைப் பிடித்தேன். எழுதிக்கொண்டு போன தாளை மடித்து வைத்துவிட்டு, "நாங்க தயாரா இல்லீங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

பக்கத்தில் நின்ற தொகுப்பாளர் சிரித்துக்கொண்டே தன் மைக்கில் சொன்னார்: "பாருங்க, எவ்வளவு தன்னடக்கம். இதுதான் உண்மையான தலைமைப் பண்பு." உடனே கைதட்டல்.

"தன்னடக்கம் இல்லீங்க. நெசமாவே தயாரா இல்ல" என்று இன்னொரு முறை சொன்னேன். அதற்குள் ஒருவர் சால்வையை என் தோளில் போட்டுவிட்டார். இன்னொருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த நினைவுப் பரிசைக் கையில் திணித்து போட்டோவுக்குத் திரும்பச் சொன்னார். அண்ணி, உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். சால்வை போர்த்தி வாயை அடைக்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் கேட்க வேண்டிய ஒருவர் காதில் அது சரியாகவே விழுந்திருக்கிறது. இரண்டு நாளில் பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவிலிருந்து போன். நம்மிடம் எப்போதும் பேசுவாரே அந்த அதிகாரி. பேட்டரி சீலுக்கு யார் யாரைச் சேர்ப்பது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், மீட்டிங்ல என்னமோ சொன்னீங்களாமே. மேல கேக்குறாங்க, உங்ககிட்ட ரிஸ்க் இருக்கான்னு" என்றார். "ஒண்ணும் வேணாம், லெட்டர்ஹெட்ல 'நாங்கள் முழுமையாகத் தயார்'னு ரெண்டு வரி அடிச்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. நான் பாத்துக்கறேன்."

"சார், ஒண்ணு கேக்கவா? உங்க கம்பெனி ரெடியா? அடுத்த வருஷம் எத்தனை கரண்ட் வண்டி விக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கே தெரியாது மேடம். ஆனா அத நாங்க சொல்ல முடியாதே" என்றார்.

யாருக்குத்தான் தெரியும் அண்ணி? கீழே இருக்கிற நான் மேலே தெரியும் என்று நினைக்கிறேன். மேலே இருக்கிறவர்கள் கீழே தயாராக இருக்கிறார்கள் என்று கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நடுவில் இந்தத் தாள்தான் போய் வந்துகொண்டிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அயனப்பாக்கம் வீட்டுக்குப் போனேன். அண்ணன் இப்போது சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால் நம்புவீர்களா? ஆவடி தொழிற்சாலையில் முப்பது வருடம் பீரங்கி வண்டிக்கு வேலை பார்த்த மனுஷன், ஹாலில் பேப்பரை விரித்துக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவு, ஸ்கேல் வைத்து வெட்டியதைப் போல.

அவரிடம்தான் கொட்டினேன். "அண்ணிக்கு எல்லாம் தெரியும்ணா. தெரிஞ்சே ரெடி ரெடின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என்கிட்டயாவது நெஜத்த சொல்லியிருக்கலாம்ல? அவங்களுக்கு என்ன, தைரியசாலி. மாட்டிக்கிட்டது நான்."

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"ரெடியாவது ஒண்ணாவது" என்றார். "அவளுக்கு எவ்ளோ பயம்னு உனக்குத் தெரியாது. கடைசி ஒரு வருஷம் சாயந்திரத்துல ஃபேக்டரி விட்டு நேரா வீட்டுக்கு வர மாட்டா. ஏரிக்கரையில வண்டிய நிறுத்திட்டு அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வருவா. எனக்கு மொதல்ல தெரியாது. ஒரு நாள் வாக்கிங் போறப்ப நம்ம வண்டியாச்சேன்னு பக்கத்துல போனேன். கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு அழுதுக்கிட்டிருந்தா."

கொத்தவரங்காய்ப் பேப்பரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் கதவத் தட்டினேன். தொறந்ததும் அவ சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா? 'பானுகிட்ட சொல்லிடாதீங்க. அவ பயந்துருவா.'"

அண்ணி, அங்கேயே எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. நான் பயந்துவிடுவேனா? நான் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருந்தேன். நீங்கள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த அதே சாயங்காலங்களில் நான் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். வந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பேன். அப்படியே கொரட்டூர் வீட்டுக்குப் போனால் என் முகத்தைப் பார்த்ததும் மகன் கேட்டுவிடுவான். மூஞ்சியைச் சரிசெய்ய எனக்கும் அரை மணி நேரம் வேண்டியிருந்தது. உங்களுக்கு இருக்கும் தைரியத்தில் பாதி எனக்கு இல்லையே என்று வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் எதிரெதிர் மேஜை. மாலையில் ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பயம். பதினாறு வருடத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். இதை மட்டும் ஏன் அண்ணி பங்குபோட்டுக்கொள்ளவில்லை? அன்று என்னிடம் சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம். சேர்ந்து பயந்தால் அடுத்து என்ன செய்வது என்று பேச்சு வந்திருக்கும். அந்த ஒன்றரை வருடம் நமக்குக் கிடைத்திருக்கும். இதில்தான் என் கோபம் ஆறவே மாட்டேனென்கிறது.

அன்று அண்ணன் சாப்பிடச் சொன்னார். பொரியலில் உப்பே இல்லை. சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில் மிஷின்களை நிறுத்தச் சொன்னேன். எல்லோரும் வந்து நின்றார்கள். நீங்கள் நின்ற அதே இடத்தில்தான் நின்றேன். மைசூர்பாகு வாங்கவில்லை. மெயிலில் இருந்ததை அப்படியே தமிழில் சொன்னேன். இரண்டு வண்டி நிற்கிறது, பேட்டரி சீல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், கிடைத்தாலும் கேமரா வரும், எத்தனை பேருக்கு வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்றேன்.

யாரும் அதிர்ச்சி அடையவில்லை அண்ணி. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

கஸ்தூரிதான் முதலில் பேசினாள். நூம்பலிலிருந்து இருபது வருடமாக வருகிறவள். செக்கிங் மேஜையின் ஓரத்தில் சாய்ந்தபடி நின்றிருந்தாள்.

"இன்னா மேடம், புதுசா சொல்ற மாதிரி சொல்றீங்க. ரெண்டு வருசமா பெட்டி கொறஞ்சிக்கினு தானே கீது. தெனம் எண்ணி அடுக்கறது நாங்க. எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கஸ்தூரி கேக்கல?"

"பெரிய மேடம் ரெடின்னு சொன்னாங்களே." அவள் கையில் இருந்த கேஸ்கெட்டைத் தட்டில் வைத்தாள். "பூந்தமல்லி தாண்டி அந்த செல்போன் கம்பெனி வந்துச்சே, தெரியுமா உங்களுக்கு? செக்கிங் வேலைக்கி என்னைக் கூப்ட்டாங்க. வேலப்பஞ்சாவடிகிட்டயே வந்து பஸ்ஸு ஏத்திக்கினு போறானுங்க. நான்தான் போவல. பெரிய மேடம் ரெடின்னு சொல்றாங்க, இத உட்டுட்டு இன்னாத்துக்குப் போவணும்னு இருந்துட்டேன். இப்ப போனா வயசாயிடுச்சின்னு உள்ளயே உட மாட்டான்."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பெட்டி கொறையறத என் கண்ணால பாத்துக்கினேதான் இருந்தேன் மேடம். கண்ண உட்டுட்டு அவங்க வாய நம்பிக்கினேன். இருவது வருசமா செக்கிங்ல கீறேன். என் வேலையே கண்ண நம்பறதுதான்."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஒரு வாரம் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

உங்கள் 'ரெடி' எங்கே போய் விழுந்திருக்கிறது பார்த்தீர்களா? ஆர்டருக்காகச் சொன்னீர்கள். ஆர்டர் கொடுக்கிறவன் அதை நம்பவில்லை, அவனுக்கு அது வெறும் தாள். நம்பியது கஸ்தூரி.

அன்று மத்தியானம் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். 'முழுமையாகத் தயார்' என்ற இரண்டு வரியை அடித்துப் பார்த்தேன். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். எங்களிடம் இரண்டு பிரஸ் இருக்கிறது, சீல் வெட்டும். தூசி புகாத அறை இல்லை, பின்பக்க ஸ்டோர் ரூமை மாற்ற நாலு மாதம் ஆகும். கேமரா இல்லை. கேமரா வந்தால் இயக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை, கற்றுக்கொள்ளக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் எத்தனை மாதத்துக்கு ஆர்டர் தருவீர்கள் என்று சொன்னால்தான் நான் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்று சொல்ல முடியும். இவ்வளவும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

பேட்டரி சீல் நமக்கு வரவில்லை அண்ணி. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு வரி எழுதிக் கொடுத்த வேறு யாருக்கோ போய்விட்டது. அந்த அதிகாரி போன் செய்து வருத்தப்பட்டார். "லெட்டர் கொஞ்சம் பாசிட்டிவா இருந்திருக்கலாம் மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு உங்கள் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று நீங்கள் சொல்வது கேட்டது. அந்த நிமிடம் நீங்கள்தான் சரியோ என்றும் தோன்றியது. இப்போதும் சில நாள் தோன்றுகிறது.

இரண்டு மாதம் கழித்து அதே கம்பெனியின் தரப் பிரிவிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். என் கடிதத்தை பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார், ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஸ்டோர் ரூமைப் பார்த்தார், கஸ்தூரியின் மேஜையில் அரை மணி நேரம் நின்றார். "வந்த லெட்டர்லயே இது ஒண்ணுலதான் என்னென்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சுது" என்றார். சார்ஜர் பெட்டிக்குப் போகும் ஒரு சின்ன சீலை ஆறு மாதச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேமராவும் அதுவரை அவர்களுடையதே. பேட்டரி சீல் கல்யாணச் சாப்பாடு என்றால் இது இரண்டு இட்லி. முப்பத்தொரு பேருக்குப் போதாது.

ஒன்பது பேர் போய்விட்டார்கள். பிரஸ்ஸில் நான்கு பேர், பேக்கிங்கில் மூன்று, செக்கிங்கில் இரண்டு பேர். எல்லோருக்கும் வேறு இடம் கிடைத்தது. கூட்டம் போட்டுச் சொன்ன அன்றிலிருந்தே தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் சொன்னதால் கிடைத்த ஒரே லாபம், வேலை தேட அவர்களுக்கு நாலு மாதம் இருந்ததுதான். போகும்போது ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதை நன்றி என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

ரங்கநாதன் சாரைப் போன வாரம் பார்த்தேன். பாதி ஷெட்டில் இப்போது யாரோ ஆன்லைன் சாமான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்தினார். "பானும்மா, அன்னிக்கு நீ மேடையில பயமா இருக்குன்னு சொன்னப்ப கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்" என்றார். "எனக்கு அது தன்னடக்கம் இல்லன்னு தெரியும். தெரிஞ்சேதான் தட்டினேன். நீ மேல பேசிடப் போறியேன்னு." சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அறுபத்தைந்து வயது மனுஷன்.

கஸ்தூரி இருக்கிறாள். கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கேமராவுக்கு முதலில் ஒன்றும் தெரியாது அண்ணி, நல்ல பீஸையெல்லாம் தள்ளிவிட்டது. எது நல்லது, எது கெட்டது என்று ஆயிரக்கணக்கில் காட்டிக் காட்டித்தான் அதற்குப் பழக்க வேண்டும். கஸ்தூரிதான் காட்டுகிறாள். நாலு நாள் காட்டிய பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இது முழுசா கத்துக்கினா, அப்பால என்னை இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருப்பீங்க?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். அன்று நான் சிரித்து மழுப்பினேன். உங்களிடம் கற்றுக்கொண்டதில் அது ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை அவள் மறுபடி கேட்டாள். இந்த முறை கிண்டல் இல்லை. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் எழுந்து நேராக என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அடுத்த வருசம் எனக்கு இங்க வேலை கீதா, இல்லியா மேடம்? ஒரே வார்த்தையா சொல்லுங்க."

எல்லோர் தலையும் திரும்பியது. என் வாய்க்குள் உங்கள் வார்த்தை தயாராக வந்து நின்றது அண்ணி. அதைச் சொல்லியிருந்தால் அவள் முகம் அன்றைக்கு மலர்ந்திருக்கும், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியாது கஸ்தூரி" என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், வெளிச்சத்தில் ஒரு பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அந்த மாதிரி. பிறகு, "செரி" என்றாள். "தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லணும். வேற யார்கிட்டயும் சொல்றதுக்கு முன்னாடி. எனக்கு மொதல்ல."

சரி என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குக் கொடுத்த அந்த வாக்கைத்தான் உங்களுக்கும் எழுதிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்த அன்றைக்கே அவளுக்குத் தெரியும். நல்லதோ கெட்டதோ, ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன். அதற்கு மட்டும் நான் ரெடி.

கோபம் தீராத, உங்களைத் தேடுவதையும் நிறுத்தாத
உங்கள் நாத்தனார்
பானு